ரோவீனாவின் காரில் வழக்குப் பேச்சு கிடையாது

ரோவீனா டைசனின் காரில் ஏறுகிறவர்களுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முன்சீட்டில் நாய் படுத்திருந்தால் அதை எழுப்பாமல் பின்னால் போய் உட்கார வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. முதல் நிபந்தனையை மீறினால் நாய் கடிக்கும். இரண்டாவதை மீறினால் ரோவீனா ஓரமாக வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, நாம் இறங்கும்வரை மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு இரண்டு அனுபவமும் உண்டு.

எனக்குக் கார் ஓட்ட வராது. ஓட்டுநர் சோதனையில் எத்தனை தடவை தோற்றேன் என்று எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். எல்லர்பியில் எங்கள் வக்கீல் அலுவலகம் இருக்கிறது. பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட் இருப்பது கடற்கரையில், ரேவன்போர்ட்டில். காலை ரயில் ரேவன்போர்ட்டுக்கு வந்து சேரும்போது நீதிபதி மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார். ஆகவே ரோவீனாவின் கார்தான் எனக்குக் கதி. அவளும் நானும் ஒரே அலுவலகம், ஒரே மாடிப்படி, ஒரே ஓட்டைக் கெண்டியில் தேநீர். ஆனால் பாதி வழக்குகளில் அவள் ஒரு பக்கம், நான் மறுபக்கம்.

எங்கள் தொழிலில் அரசு வக்கீல் என்று தனிப் பிறவி கிடையாது. வரிசையில் நிற்கும் டாக்ஸிக்கு என்ன முறையோ அதுதான் எங்களுக்கும். முதலில் யார் கதவைத் திறக்கிறாரோ அவரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முகம் பிடிக்கவில்லை என்று விரட்ட முடியாது. இந்த வாரம் அரசுத் தரப்பில் நின்று ஒருவனைத் திருடன் என்கிறவன், அடுத்த வாரம் இன்னொரு திருடனுக்காக நின்று வாதாடுவான். பார்க்கிறவர்களுக்கு இது கூத்தாடிப் பிழைப்பாகத் தெரியும். கூத்துதான், ஆனால் ஒவ்வொரு வேஷத்துக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு.

எனக்கு எதிரி தரப்புதான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம்தான் பிடிக்கும், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கூண்டில் தனியாக ஒருவன். அவனுக்கு எதிரே போலீஸ், பணம், படைபலம், மொத்த அரசாங்கம். அவன் பக்கத்தில் நான் ஒருவன். நரம்பெல்லாம் முறுக்கேறும். அரசுத் தரப்பில் நிற்கச் சொன்னால் கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்ன மாதிரி இருக்கும் எனக்கு. எதையும் மறைக்கக் கூடாது, குரலை ஓங்கக் கூடாது, இத்தனை வருஷம் உள்ளே போடுங்கள் என்று கேட்கவும் கூடாது. ரோவீனாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அதுதான் அவளிடம் எனக்கு எரிச்சல்.

ஐம்பத்தைந்து வயதுக்காரி. கோர்ட்டில் வக்கீல்கள் தலையில் வைக்கும் விக், அவளுடையது பழையது, தேநீர் வடிகட்டிய துணி மாதிரிப் பழுத்துவிட்டது. கோர்ட்டுக்கு அவள் கொண்டுவருவது எப்போதும் பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெங்காயமும் வைத்த சாண்ட்விச். அவள் அருகில் நின்று வாதாடுவதே ஒரு தண்டனை. அவளுடைய அப்பா சந்தையில் ஆடு ஏலம் விட்டவர். அந்தக் குரல் இவளுக்கும் வந்திருக்கிறது, ஆனால் கோர்ட்டில் அதைப் பயன்படுத்த மாட்டாள்.

எதிரி தரப்பில் நிற்கும்போது, புதிதாக வரும் கட்சிக்காரனிடம் அவள் முதலில் சொல்வது இதுதான்: "தம்பி, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோ. நான்தான் செஞ்சேன்னு எங்கிட்ட சொல்லிட்டா, அப்புறம் நீ செய்யலைன்னு நான் கோர்ட்ல சொல்ல முடியாது. அவங்களால நிரூபிக்க முடியுமான்னு மட்டும்தான் கேட்பேன். நான் உனக்காகச் சண்டை போடுவேன், பொய் சொல்ல மாட்டேன்." அரசுத் தரப்பில் நிற்கும்போது போலீஸ்காரர்களிடம் சொல்வது இதைவிடச் சுருக்கம்: "தண்டனை வாங்கித் தர நான் வரலை. நடந்ததை எடுத்து வைக்க வந்திருக்கேன்." போலீஸ்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அடுத்த வழக்குக்கும் அவளையே கேட்பார்கள்.

கைரன் பர்க்கெட் வழக்கில் அவள் அரசுத் தரப்பு. நான் கைரனுக்கு.

கைரனுக்கு இருபத்திரண்டு வயது. ரேவன்போர்ட் துறைமுகத்தில் வெல்டிங் பழகிக்கொண்டிருந்தவன். நவம்பரில் ஒரு சாயங்காலம், முகமூடித் தொப்பி போட்ட ஒருவன் பந்தயச் சீட்டுக் கடையில் புகுந்து, கத்தியைக் காட்டிப் பணத்தை அள்ளிக்கொண்டு ஓடினான். கல்லாவில் இருந்த திருமதி பாட்டின்சன் தொப்பி விலகிய நேரத்தில் முகத்தைப் பார்த்தார். போலீஸ் காட்டிய முகங்களில் கைரனைச் சுட்டிக் காட்டினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் கைரன் அதே கடையில் சீட்டுத் தகராறு செய்து வெளியே தள்ளப்பட்டவன். அதுவும் அவன் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து சிறையில் விசாரணைக் கைதி. தீர்ப்பு எதிராகப் போனால் ஐந்து வருஷத்துக்குக் குறையாது.

அந்த நேரத்தில் தான் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்ததாகக் கைரன் பிடிபட்ட அன்றே போலீஸிடம் சொல்லியிருந்தான். "பெல்டன் பஸ். வழியில திடீர்னு பிரேக் போட்டான். ஒரு பொம்பளை விழுந்துட்டா. அவ பையிலிருந்த உருளைக்கிழங்கெல்லாம் உருண்டு போச்சு." ரொக்கம் கொடுத்து வாங்கிய பஸ் சீட்டு, அது என்றைக்கோ குப்பைக்குப் போய்விட்டது. பஸ்ஸில் கேமரா உண்டு. அதன் பதிவைக் கேட்டு நான் எழுதியதற்கு, புலனாய்வாளர் லோதர் அனுப்பிய பதில் ஒரே வார்த்தை: கிடைக்கவில்லை.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். தீர்ப்புச் சொல்லும் ஜூரியின் பன்னிரண்டு பேர் முன் பேச வேண்டிய கடைசி உரையை அதை வைத்தே கட்டியிருந்தேன். 'இவனை விடுவிக்கக்கூடிய படம் எங்கே? போலீஸ் ஏன் அதைக் கோட்டைவிட்டது?' குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு அதைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கடைசி வரியில் நானே எனக்குக் கை தட்டிக்கொள்வேன்.

விசாரணையின் முதல் நாள் காலை, கோர்ட்டின் பின்பக்கம் ரோவீனா காரை நிறுத்தினாள். வழியில் நாய் என் சாண்ட்விச்சில் பாதியைத் தின்றுவிட்டது, அதைச் சொல்லி இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே இறங்கினோம். கேட்டருகே சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றாள் மொரீன் பர்க்கெட், கைரனின் அம்மா.

"என்ன வக்கீல் சார், பொண்டாட்டியோட உல்லாசப் பயணமா?" என்றாள்.

"அவங்க என் பொண்டாட்டி இல்ல, மொரீன்."

"அது எனக்குத் தெரியாதா? என் புள்ளையை உள்ள தள்ள வந்த அம்மாதானே? சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி அவ கார்ல வந்து இறங்குறே! புள்ளையைக் கிள்ளி விடறதுக்கு ஒருத்தி, தொட்டிலை ஆட்டறதுக்கு நீயா?"

எதிர்த்தரப்பு வக்கீல் என்பதால் ரோவீனா அவளிடம் பேசக் கூடாது. தலையை லேசாக அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அகப்பட்டவன் நான்.

"ஒரே ஆபீஸ்மா. எங்ககிட்ட இருக்கிறது ஒரே கார்..."

"ஒரே கார், ஒரே சிரிப்பு! என் மகன் அங்க இருட்டறையில உக்காந்திருக்கான், உங்களுக்குச் சிரிப்பு வருது. போய்ச் சொல்லு அவன்கிட்ட, உன்னை மாத்தச் சொன்னேன்னு. நீ சொல்லலைன்னா நான் கத்திச் சொல்லுவேன், ஜட்ஜ் காதுல விழுற மாதிரி."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என்ன சொல்வது? எங்கள் வழக்கத்தை நாங்கள் நேர்மை என்கிறோம். வெளியே நிற்கிறவளுக்கு அது கூட்டுக் களவாணித்தனமாகத் தெரிந்தால், அது அவள் குற்றமில்லை. கோர்ட்டுக்குக் கீழே கைதிகளை வைக்கும் அறைக்குப் போய்க் கைரனிடம் உள்ளதைச் சொன்னேன்.

"மாத்தினா என்ன ஆகும் சார்?" என்று கேட்டான்.

"ஜூரியை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. புது வக்கீல், புது தேதி. இலையுதிர் காலம் ஆயிடும். அதுவரைக்கும் நீ உள்ளதான்."

அவன் விரலை மடக்கி மாதங்களை எண்ணினான். "அப்ப நீங்களே இருங்க. ஆனா அம்மா முன்னாடி சிரிக்காதீங்க. அவங்க தூங்கியே பல மாசம் ஆகுது."

அன்று திருமதி பாட்டின்சன் சாட்சி சொன்னார். எல்லாத் திசையிலிருந்தும் கேட்டுப் பார்த்தேன். வெளிச்சம், தூரம், பயம், பழைய தகராறு. அந்த அம்மாள் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. "அந்தப் பையன்தான். என் கனவுல தினமும் வர்ற முகம்" என்றார். ஜூரியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பிறகு கைரன் போலீஸிடம் சொன்னதை ரோவீனா வாசித்துக் காட்டினாள், உருளைக்கிழங்கு உட்பட. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை மலைப்பாதையில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்த இடமில்லை. நான் பின்சீட்டில் நாயின் முடியோடு, உரையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பெல்டன் பஸ்ஸால இன்னைக்கு ஜட்ஜ்கிட்ட வாங்கிக் கட்டிக்கப் போறோம்" என்றேன்.

ரோவீனா வண்டியைப் பஸ்ஸுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனாள். வைப்பர் ஆடியது. பிறகு, "டெஸ், அது பின்னால என்ன எழுதியிருக்கு?" என்றாள்.

"ஃபெல்லைன். கீழே ஒரு போன் நம்பர். ஏன், புகார் சொல்லப் போறியா?"

"அப்ப ஏன் பெல்டன் பஸ்னு சொன்னே?"

"என்ன கேள்வி இது? நீயும் அப்படித்தானே சொல்லுவே! ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

உண்மைதான். கிழவர் பெல்டன் தன் பஸ்களையும் வழித்தடங்களையும் விற்றுவிட்டுப் பள்ளிச் சுற்றுலா வண்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு பல வருஷம் ஆகிறது. வண்டி மாறியது, நிறம் மாறியது, ஓட்டுநரின் சட்டைகூட மாறியது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மட்டும் அது இன்னும் பெல்டன் பஸ்தான். இன்னும் மூன்று கம்பெனி கை மாறினாலும் அப்படித்தான் சொல்வோம்.

ரோவீனா பஸ்ஸின் பின்னாலிருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு எதிராக ஏதோ சமைக்கிறாள் என்று நினைத்தேன். மொரீனின் கண்ணில் படாமலிருக்க, கோர்ட் வருவதற்கு முன்பே தெருமுனையில் இறங்கிக்கொண்டேன். அந்தத் தெருமுனையில்தான் பஸ் நிறுத்தம். நாங்கள் பின்தொடர்ந்து வந்த அதே பஸ்ஸிலிருந்து மொரீன் இறங்கினாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காறித் துப்பாத குறையாகப் போனாள்.

உடுப்பு மாற்றும் அறைக்கு நான் போனபோது ரோவீனா அங்கியோடு காத்திருந்தாள்.

"உக்காரு டெஸ். பஸ் பதிவைத் தேடச் சொல்லியிருக்கேன்."

"அதான் இல்லைன்னு ஆயிடுச்சே!"

"பெல்டன்கிட்ட இல்ல. எப்படி இருக்கும்? அவங்ககிட்ட பஸ்ஸே இல்லையே. லோதரைக் கூப்பிட்டு, யாரைக் கேட்டீங்கன்னு கேட்டேன். 'பெல்டன்ஸைக் கேட்டேன் மேடம், எங்ககிட்ட எதுவும் இல்லைன்னு சொன்னாங்க'ன்னு சொல்றான். அவனும் இந்த ஊர்க்காரன்தான். ஃபெல்லைன்காரங்களை யாருமே கேட்கலை."

எனக்குச் சந்தோஷம் வந்தது என்று நினைக்காதீர்கள், வந்தது பயம்.

"இத்தனை மாசத்துக்கு யார் வச்சிருப்பாங்க? அழிச்சிருப்பாங்க" என்றேன்.

"சாதாரணமா அழிச்சிடுவாங்க. ஆனா ஒரு பொம்பளை விழுந்தாங்கன்னு உன் ஆள் சொல்றானே. பஸ்ல ஆள் விழுந்தா நஷ்ட ஈடு கேட்பாங்க. கேட்பாங்கன்னு பயந்தாவது கம்பெனிக்காரன் எடுத்து வச்சிருப்பான்."

"உனக்கு ஏன் இந்த வேலை? உன் கேஸ் நல்லாத்தானே போகுது. நேத்து பாட்டின்சன் அம்மா கல்லு மாதிரி நின்னாங்களே!"

"அதனாலதான் எனக்குப் பயம். பொய் சொல்றவங்க அசைவாங்க. நெஜமா நம்புறவங்க அசைய மாட்டாங்க. நம்புறதும் நடந்ததும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லையே."

நான் எழுந்து கத்தினேன். அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும். "அவன் அதுல இல்லைன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? இல்லாத படம் எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்குது. அதை வச்சுத்தான் மொத்த உரையும் கட்டியிருக்கேன். இருக்கிற படம் அவன் கழுத்துக்குக் கயிறு!"

"அவன் இல்லைன்னா ஜூரிக்குப் போட்டுக் காட்டுவேன். அஞ்சு வருஷம் உள்ள போவான். இருந்தா வீட்டுக்குப் போவான்."

"உனக்கு எது வேணும்?"

"எனக்கு வேணுங்கிறதுக்கு இன்னைக்கு இடமில்ல, டெஸ்." கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "நீ ஏன் அந்தக் கம்பெனியைத் தேடிப் போகலை?"

"நான் ஏன் போகணும்? என் ஆளைக் கவுக்கக்கூடிய ஒண்ணை நானே தோண்டி எடுக்கணுமா? அது சொந்தச் செலவுல சூனியம்."

"சரிதான். உன் இடத்துல நின்னா நானும் தோண்ட மாட்டேன். வாயை மூடிட்டு இருப்பேன், அதுல தப்பும் இல்ல." விக்கை எடுத்து வைத்துக்கொண்டாள். "ஆனா இன்னைக்கு நான் என் இடத்துல நிக்கிறேன். எதிர்ப்புச் சொல்றதா இருந்தா ஜட்ஜ்கிட்ட சொல்லு. அதுக்கு முன்னாடி உன் ஆளைக் கேட்டுக்கோ."

கீழே போனேன். கைரனின் அறையில் கெட்டுப்போன பாலின் வாடை அடித்தது.

"பஸ் படத்தைத் தேடறாங்க" என்றேன். "கிடைச்சாலும் கிடைக்கும். நான் ஜட்ஜ்கிட்ட எதிர்ப்புச் சொல்லலாம். பாதி விசாரணையில புதுசா எதையும் கொண்டுவர விடாதீங்கன்னு கேட்கலாம். நல்லா யோசி. அது உனக்கு எதிரா இருந்தா, அதோட முடிஞ்சுது."

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "எதிரா எப்படி சார் இருக்கும்? நான்தான் அதுல இருந்தேனே."

"யோசிச்சுச் சொல்லு."

"மடியில கனம் இருந்தாதானே சார் வழியில பயம்? நீங்க ஏன் வேர்த்து வழியறீங்க?" பிறகு அவன் குரல் இறங்கியது. "நீங்க என்னை நம்பவே இல்ல, இல்லையா?"

"நம்புறது என் வேலை இல்ல, கைரன். நம்பாமலும் நான் உனக்காகச் சண்டை போடலாம். நம்பிக்கை வேணும்னு இருந்தா பாதிப் பேருக்கு வக்கீலே கிடைக்க மாட்டான்."

"அப்ப நம்புறது யாரோட வேலை சார்?"

முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைவிடக் கடினமான கேள்வியை எந்த நீதிபதியும் என்னிடம் கேட்டதில்லை. மேலே போய், எனக்கு ஆட்சேபமில்லை என்று சொன்னேன். நீதிபதி மதியம்வரை அவகாசம் கொடுத்தார்.

மதியம் லோதர் அந்தப் பதிவைக் கொண்டுவந்தார். விழுந்த பெண்மணி கை முறிந்து வழக்குப் போட்டிருந்தாராம். ஃபெல்லைன் கம்பெனி முழுப் பயணத்தையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் ரோவீனா, லோதர், நான், மூன்று பேரும் திரை முன்னால் உட்கார்ந்தோம். 

பஸ்ஸின் உட்புறம். நீராவி படிந்த ஜன்னல்கள். பின்னாலிருந்து மூன்றாவது இருக்கையில் ஒருவன் தொப்பியைத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். ரோவீனா பேசாமல் திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். கடையில் கத்தி நீட்டப்பட்ட நேரம் அது. பஸ் குலுங்கியது. ஒரு பெண் சரிந்து விழுந்தார். உருளைக்கிழங்குகள் இருக்கைகளுக்கு நடுவே உருண்டோடின. தூங்கியவன் விழித்து, எழுந்து, அவரைத் தூக்கி உட்கார வைத்தான். பிறகு கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து, கேமரா பக்கம் திரும்பினான். கைரன்.

"இந்தக் கடிகாரத்தை நம்பலாமா?" ரோவீனா கேட்டாள்.

"கேட்டுட்டேன் மேடம். செயற்கைக்கோள்லேர்ந்து வர்ற நேரம்" என்றார் லோதர். அவர் முகம் சாம்பலாகியிருந்தது. "அப்ப கடைக்குள்ள வந்தது யாரு?"

"அதைத்தான் ஏழு மாசமா யாரும் தேடலை" என்றாள் ரோவீனா.

நான் படத்தைப் பின்னால் ஓட்டச் சொல்லி, அவன் உருளைக்கிழங்கு பொறுக்குவதை இன்னொரு தடவை பார்த்தேன். 

அதோடு முடிந்துவிடவில்லை. ரோவீனா தன் இஷ்டத்துக்கு வழக்கைக் கைவிட முடியாது. வழக்கை அவளிடம் கொடுத்த அரசு அலுவலகத்தின் மேலிடத்தில் கேட்க வேண்டும். தாழ்வாரத்தில் நின்று அவள் போனில் பேசுவது எனக்குக் கேட்டது. மேலிடத்துக்காரருக்கு மனசில்லை போல. சாட்சி உறுதியாக இருக்கிறாரே, படத்தையும் காட்டிவிட்டு ஜூரியே முடிவு செய்யட்டுமே என்கிறார். அப்போதுதான் அவளுடைய அப்பாவின் ஏலக் குரலை நான் முதல்முறையாகக் கோர்ட்டில் கேட்டேன்.

"இல்ல சார், மாட்டேன். அந்தப் பையன் செய்யலைன்னு எனக்குத் தெரியும். செஞ்சான்னு சொல்லுங்கன்னு பன்னிரண்டு பேர்கிட்ட நான் கேட்க மாட்டேன். வேற யாரையாவது அனுப்புங்க. வர்றவங்ககிட்டயும் நான் இதே படத்தைத்தான் கொடுப்பேன்."

மேலிடம் கடைசியில் இறங்கி வந்திருக்க வேண்டும். பிறகு அவள், "நன்றி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கோர்ட்டில் அவள் எழுந்து, "யுவர் ஆனர், அரசுத் தரப்பு இனி இந்த வழக்கை நடத்த விரும்பவில்லை" என்றாள். ஏன் என்று நான்கு வாக்கியத்தில் விளக்கினாள். நீதிபதி சொன்னபடி ஜூரியின் தலைவர் எழுந்து, "குற்றவாளி இல்லை" என்றார். மேலே பார்வையாளர் வரிசையில் மொரீன் ஏதோ கத்தினாள். வார்த்தை புரியவில்லை, சிரிப்பா அழுகையா என்றும் தெரியவில்லை. நான் பேச வேண்டிய உரை என் பைக்குள்ளேயே கிடந்தது. அரசு வக்கீல் ஜெயிக்க வைத்த வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு வேலையும் இல்லை.

ரோவீனாவைத் தேடிப் போனேன். சாட்சிகள் அறையில், திருமதி பாட்டின்சன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது.

"நான் பொய் சொல்லலைம்மா" என்று அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"தெரியும். ஒரு வார்த்தைகூட நீங்க பொய் சொல்லலை. பழைய சண்டையில பார்த்த முகத்தை பயம் கொண்டுவந்து இங்க ஒட்டிடுச்சு. யாருக்கும் நடக்கும். கத்தியோட வந்தவனை இன்னும் தேடுவாங்க. உங்களை விட்டுட மாட்டோம்."

"அந்தப் பையனோட அம்மா என்னைச் சபிச்சிருப்பா."

"நிச்சயமா" என்றாள் ரோவீனா. "ஆனா இனிமே சபிக்க மாட்டா."

நாங்கள் புறப்படும்போது மழை கொட்டியது. தெருமுனை நிறுத்தத்தில் மொரீனும் கைரனும் நின்றிருந்தார்கள். சிறையிலிருந்து வந்த அவன் சாமான்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. பஸ் போய்விட்டிருந்தது. ரோவீனா வண்டியை ஓரம் கட்டினாள்.

"வேண்டாம்" என்றேன். "நல்லா இருக்காது."

"கேஸ் முடிஞ்சுது. அவங்க ஊர் மாஸ்பி, நம்ம வழியிலதான் இருக்கு. மழை பெய்யுது" என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கினாள். இதற்கு எங்கள் விதிகளில் தடை இருக்கிறதா என்று நான் இன்றுவரை பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கும்.

மொரீன் காரைப் பார்த்தாள். முந்தின நாள் காலை அவள் திட்டித் தீர்த்த அதே கார். மகனைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, "இந்த நாய் கடிக்குமா?" என்று கேட்டாள்.

"வக்கீலைத்தான் கடிக்கும்" என்றேன்.

நாய் அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. துரோகி. கைரன் ஜன்னலில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, வயலையும் ஆட்டையும் இதுவரை பார்க்காதவன் போலப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஒண்ணு கேட்கட்டுமாம்மா?" மொரீன் ரோவீனாவிடம் கேட்டாள். "அந்தப் படத்துல இவன் இல்லாம இருந்திருந்தா?"

"ஜூரிக்குக் காட்டியிருப்பேன். இன்னைக்கு உங்க மகன் வீட்டுக்கு வந்திருக்க மாட்டான்."

"உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்திருக்குமா?"

"இருந்திருக்காது."

மொரீன் நாயின் காதைத் தடவினாள். "நல்லது. கஷ்டமா இருந்திருக்கும்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு செஞ்சதையும் நம்பியிருக்க மாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ என்னப்பா? என் புள்ளையை எப்பலேர்ந்து நம்பினே?"

பொய் சொல்லியிருக்கலாம். ரோவீனாவின் காரில் அது வரவில்லை. "உருளைக்கிழங்கு உருண்டப்போ" என்றேன்.

மொரீன் அப்போதுதான் சிரித்தாள். மாஸ்பி வரும்வரை விட்டு விட்டுச் சிரித்தாள். இறங்கியதும் குனிந்து ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்பாமயே நேத்து அந்த அம்மாகிட்ட அவ்வளவு போராடினியே. அதை நான் மறக்க மாட்டேன்" என்றாள். மூன்று முறை அமுக்கிவிட்டுத்தான் கையை விட்டாள்.

அவர்கள் வீட்டுக் கதவு சாத்தும்வரை ரோவீனா வண்டியை எடுக்கவில்லை. அப்புறம், "அடுத்த வாரம் நீ அரசுத் தரப்பு, நான் எதிர்த்தரப்பு. ஞாபகம் இருக்கில்ல? உன்னை நார் நாராக் கிழிக்கப் போறேன்" என்றாள்.

"வழக்குப் பேச்சு கிடையாது" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். எத்தனையோ வருஷத்தில் அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த வெற்றி.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் அந்த அடுத்த வழக்கின் காகிதக் கட்டைப் பிரித்தேன். டிராக்டர் திருட்டு. எனக்கு நல்ல வலுவான கேஸ். ரோவீனாவின் ஆள் தப்ப வழியே இல்லை. ஒரு மூலையில், பெட்ரோல் நிலையத்துக் கேமராப் பதிவு பற்றிக் குற்றம் சாட்டப்பட்டவன் கேட்டிருந்தான். பக்கத்தில் போலீஸ் குறிப்பு: கிடைக்கவில்லை.

அதை ஒருமுறை படித்தேன். எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ரோவீனா நாயிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் இதைத் தேட மாட்டாள். இந்த வாரம் அது அவள் வேலையில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த வழக்கின் புலனாய்வாளருக்குப் போன் போட்டேன்.

"கேஸ் பிரமாதமா இருக்கு சார், கவலையே படாதீங்க" என்றார் அவர்.

"இருக்கட்டும்" என்றேன். "இந்தப் பதிவு கிடைக்கலைன்னு எழுதியிருக்கீங்களே. யாரைக் கேட்டீங்க?"